பின்சீட்டில் காணாமல் போன எடை

போன வாரக் கதையில் பல்லம்மாவை மேம்பாலத்துக்கு அடியில் விட்டுவிட்டு வந்தோம். நடுரோட்டில் ஒரு பெண்ணை இப்படியா தவிக்க விடுவது என்று வாசகர்களிடம் எனக்கு நிறைய வசவு விழுந்தது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், அவளை யாரும் இறக்கிவிடவில்லை. ஓடுகிற வண்டியில் கணவரின் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னதும், ஹெல்மெட்டைக் கழற்றி அவர் மடியில் வைத்ததும், “இந்த சீட்டுல என்னால உட்கார முடியல” என்று ஒரே வரி சொல்லிவிட்டு பஸ் ஏறியதும் அவளேதான்.

அதற்குப் பிறகு அவள் அந்த வண்டியில் ஏறவில்லை. வேலைக்குப் பஸ், கடைக்கு நடை. மகள் வளர்ந்து ஆளான பிறகும் அந்தப் பின்சீட்டை அவளுக்குக்கூட விட்டுக்கொடுக்காதவள், இப்போது வண்டியைச் சுற்றிக்கொண்டு போகிறாள்.

பல்லம்மா என்பது தெரு வைத்த பெயர். பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் லேபில் அவளுக்கு வேலை. யாராவது சிரித்தால் முதலில் பல்லைப் பார்ப்பாள், அப்புறம்தான் ஆளைப் பார்ப்பாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த மாடியில் லிஃப்ட் நின்றுபோனாலும் இவர் போன்தான் அடிக்கும். லிஃப்ட்காரர் என்றே நாமும் சொல்வோம். மகளுக்கு மருந்துக்கடையில் வேலை என்றாலும் வீட்டில் பெயர் வக்கீல். ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை, அவள் வாயைத் திறந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வாயைத் திறந்தாள்.

“அப்பா, சீட்டுக்காகத்தான் அம்மா இறங்கிட்டாங்கன்னு நிஜமாவே நம்பறீங்களா?”

லிஃப்ட்காரர் வாசலில் உட்கார்ந்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “வேற எதுக்கு?”

“அன்னிக்கு சண்டை கிண்டை?”

“எனக்கும் அவளுக்குமா? சண்டை போட எனக்கு எங்கே நேரம்?”

“நேரம் இல்லாதவங்கதான் சுருக்கமா, நல்லா போடுவாங்க.”

அவர் சிரிக்கவில்லை. துணியை உதறி மடித்தார்.

“இதோ பாரு. அவ பின்னாடி இல்லாம எனக்கு வண்டி ஓட்டவே பிடிக்கல. முதுகுல ஏதோ குறையற மாதிரியே இருக்கு. சீட்டு சரியில்லைன்னு சொன்னா இல்ல? மாத்திடறேன். மாத்தினா வந்துடுவா.”

“மாத்தியும் வரலைன்னா?”

“வரலைன்னா காரணம் வேறன்னு அர்த்தம். அது என்னன்னு கேட்கத்தான் எனக்குப் பயமா இருக்கு.”

இப்படி ஒரு பதிலை வக்கீல் எதிர்பார்க்கவில்லை. லிஃப்ட்காரர் எழுந்தபோது முழங்கை பட்டு, வலப்பக்கத் திட்டில் இருந்த டீ டம்ளர் உருண்டு விழுந்தது.

“யாரு இதை இங்க வச்சது?”

“நீங்கதான்ப்பா.”

சீட்டுக் கடைக்கு லிஃப்ட்காரர் மகளுடன் வண்டியில் போனார். பல்லம்மா பஸ்ஸில் வந்தாள். ஒரே வீட்டிலிருந்து ஒரே கடைக்கு இரண்டு வழியாக வந்து, வாசலில் “வாங்க வாங்க” என்று ஒருவரை ஒருவர் வரவேற்றுக்கொண்டார்கள்.

கடைக்குள் சுவர் முழுக்க சீட்டுகள் தொங்கின. பசையும் ரப்பரும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. நடுவில் சக்கரம் இல்லாத ஒரு பைக் உடம்பைத் தரையோடு போல்ட் போட்டு நிறுத்தியிருந்தார்கள். எந்த சீட்டு வேண்டுமோ அதை அதன்மேல் மாட்டி, ஏறி உட்கார்ந்து பார்க்கலாம்.

கடைக்காரருக்கு உலகத்தில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான்.

“ஜெல் போடுங்க சார்.”

“பின்னாடி உட்காரறவங்களுக்கு இடுப்பு வலி,” என்றார் லிஃப்ட்காரர்.

“அப்படின்னா கண்டிப்பா ஜெல்தான்.”

“வெயில்ல நிறுத்தினா சுடாதா?” என்று கேட்டாள் வக்கீல்.

“சுடும். மேல ஒரு துணி போட்டுக்கலாம்.”

“அப்ப சீட்டுக்கு ஒரு சீட்டு வேணும்.”

முதலில் மாட்டியது பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. பல்லம்மா உட்காரவே இல்லை. ஈறைப் பார்ப்பதுபோல் கட்டைவிரலால் ஓரத்தை அழுத்திப் பார்த்தாள்.

“இது எவ்வளவு நேரம் தாங்கும்?”

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். “உண்மையைச் சொல்லணும்னா, கொஞ்ச தூரம்தான் மேடம். அப்புறம் அடியில இருக்கிற பிளாஸ்டிக் பேச ஆரம்பிச்சுடும்.”

அடுத்தது அகலமான சீட்டு. பின்னால் இருப்பவருக்குப் படி வைத்து உயர்த்தியிருந்தது. பல்லம்மாவுக்கு வசதிதான். ஆனால் முன்னால் அகலம் கூடிப்போனதால் லிஃப்ட்காரரின் கால் பரப்பிக்கொண்டு நின்றது, விரல் நுனி மட்டும்தான் தரையைத் தொட்டது. சிக்னலில் நிற்கும்போது இரண்டு பேரும் சாய்ந்து விழ வேண்டியதுதான்.

இன்னொன்று முன்பக்கம் சரிந்தது. பின்னால் இருப்பவர் மெல்ல வழுக்கி வந்து முன்னால் இருப்பவரின் முதுகில் ஒட்டிக்கொள்வார். “புதுசா கல்யாணமானவங்க இதைத்தான் கேட்டு வாங்குவாங்க,” என்றார் கடைக்காரர். லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். பல்லம்மா சுவரைப் பார்த்தாள்.

கடைசியில் ஒன்று அமைந்தது. கெட்டியான நுரை. ஓட்டுகிறவர் தொடையிடம் ஒடுக்கம், உட்காரும் இடத்தில் லேசான குழி. பின்பாதி தட்டையாக, சரியாமல், இரண்டு பக்கமும் தாராளம். இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். லிஃப்ட்காரரின் பாதம் முழுதாகத் தரையில் பதிந்தது.

“வழுக்குதா?”

“இல்லைங்க.”

“இடுப்பு?”

“ஒண்ணும் இல்லை.”

“கால் மடங்கறது சரியா இருக்கா?”

“எல்லாம் நல்லாதான் இருக்கு.”

லிஃப்ட்காரரின் முகம் மலர்ந்தது. “அப்ப இதையே மாட்டிட்டு, வீட்டுக்கு ஒண்ணா போயிடலாமா?”

பல்லம்மா கீழே இறங்கிவிட்டாள். புடவை மடிப்பைச் சரிசெய்தாள். மடிப்பு கலையவே இல்லை.

“இதுவும் பல் செட் மாதிரிதாங்க. கடையில கடிச்சுப் பாத்தா எல்லாமே நல்லாதான் இருக்கும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாதான் எங்க குத்துதுன்னு தெரியும். அச்செடுத்துப் பாக்காம எதையும் முடிவு பண்ணக் கூடாது.”

இதை அவள் தட்டிக்கழிக்கத்தான் சொன்னாள். அவள் குரலே காட்டிக்கொடுத்தது. ஏன் தட்டிக்கழிக்க வேண்டும் என்கிறீர்களா? எனக்கும் அதே குடைச்சல்தான். நல்ல சீட்டு கிடைத்துவிட்டது, வலி இல்லை என்று வாயாலேயே சொல்லிவிட்டாள், பிறகும் என்ன?

ஆனால் அவள் கணவருக்குத் தட்டிக்கழிப்பது என்றால் என்னவென்றே தெரியாது. யாராவது ஒரு யோசனை சொன்னால் அது யோசனைதான்.

“அச்செடுப்போம்!” என்று துள்ளினார். “உங்க லேப்ல ரோஸ் கலர்ல மெழுகுத் தகடு இருக்கே, சுடுதண்ணில போட்டா இளகும்னு சொல்லுவியே! சீட்டு மேல அதைப் பரப்பி உட்கார்ந்தா எங்க அழுத்துது, எங்க அழுத்தலைன்னு தெரிஞ்சு போயிடாதா?”

தன் வாயாலேயே மாட்டிக்கொண்டாள் பல்லம்மா.

கடைக்காரர் பெருந்தன்மையாக சீட்டை மாட்டிக் கொடுத்தார். “ஓட்டிப் பாருங்க, பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுங்க. மெழுகை மட்டும் துடைச்சிடுங்க.” அப்போது லிஃப்ட்காரருக்குப் போன் வந்தது. ஏதோ அடுக்குமாடியில் லிஃப்ட் நடுவில் நிற்கிறதாம். “நாளைக்குக் காலையில முதல் வேலையா வந்துடறேன். குழிக்குள்ள இறங்கிப் பாக்கணும்,” என்று பேசிக்கொண்டே வெளியே நடந்தவர், வலப்பக்கம் தொங்கிய ஒரு சீட்டில் தோளை இடித்துக்கொண்டார்.

“கடைன்னா நடக்கறதுக்கு வழி விடணும்யா.”

“ரெண்டு பேர் தாராளமா போலாமே சார்,” என்று சிரித்தார் கடைக்காரர்.

மத்தியானம் வீட்டு முற்றம் பல் லேப் ஆனது. லேபிலிருந்து வாங்கி வந்த மெழுகுத் தகடுகளைப் பல்லம்மா சுடுதண்ணீரில் போட்டு இளக்கி, ஓரத்தோடு ஓரம் ஒட்டி சீட்டின்மேல் விரித்தாள். அதற்கு மேல் ஒரு மெல்லிய துணி. மனசில்லாமல்தான் தொடங்கினாள். ஆனால் வேலை என்று கை வைத்துவிட்டால் அவளால் அரைகுறையாகச் செய்ய முடியாது. ஓரங்களை விரலால் நீவி நீவி ஒட்டினாள்.

“இதை யாராவது போட்டோ எடுத்தாங்கன்னா நான் இந்த ஊரை விட்டே போயிடுவேன்,” என்றாள் வக்கீல்.

முதலில் நின்ற வண்டியில் இருவரும் உட்கார்ந்து எழுந்தார்கள். துணியை எடுத்தால் இரண்டு பள்ளங்கள், அழகாக, முழுசாக.

“பெரிசு அப்பாவோடது.”

“அது சீட்டோட வளைவு,” என்றார் லிஃப்ட்காரர், கொஞ்சம் ரோஷத்தோடு.

பல்லம்மா குனிந்து பார்த்தாள். “ரெண்டும் சமமா பதிஞ்சிருக்கு. எங்கயும் குத்தல. போதும்ங்க, சீட்டு நல்ல சீட்டுதான்.”

“நின்ன வண்டியில நல்லா இருக்கு. ஓடற வண்டியில? சாப்பிட்டாதான் தெரியும்னு நீதானே சொன்னே?”

மறுக்க முடியாமல் புதுத் தகடு விரித்து ஏறினாள். தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். மேம்பாலத்துக்குப் பிறகு அவள் ஏறியது இன்றுதான். லிஃப்ட்காரர் சந்தோஷத்தில் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார். திரும்பி வந்தபோதும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார். பல்லம்மாவின் உள்ளங்கை மட்டும் பின்கம்பியைப் பிடித்த பிடியில் சிவந்திருந்தது.

துணியை எடுத்தார்கள்.

முன்பள்ளம் ஆழமாக இருந்தது. பின்னால் வலது ஓரத்தில் மட்டும் ஒரு சின்ன அழுத்தம், பூனை உட்கார்ந்துவிட்டு எழுந்துபோன மாதிரி. மற்ற இடமெல்லாம் விரித்தபடியே வழவழவென்று கிடந்தது.

“மெழுகு ஆறிப்போச்சு போல,” என்றாள் பல்லம்மா அவசரமாக.

“ஒரே தண்ணி, ஒரே மெழுகு. என்னோடது பதிஞ்சிருக்கே?”

லிஃப்ட்காரரின் முகத்தில் வேலைக்குப் போகும்போது வரும் களை வந்துவிட்டது. சப்பணம் போட்டுத் தரையில் உட்கார்ந்து தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எடை காணாமப் போகாது. லிஃப்ட்ல ஒரு கயிறு தாங்கலைன்னா பக்கத்துக் கயிறு தாங்கும். இவ எடையை சீட்டு தாங்கல. அப்ப யார் தாங்கினது?”

“கால் வைக்கிற கம்பி,” என்றாள் வக்கீல். “அம்மா கையைப் பாருங்க. பின்கம்பியும்.”

“ஏன்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்.”

பல்லம்மா உள்ளே போகப் பார்த்தாள். லிஃப்ட்காரர் விடவில்லை. கோபமில்லை, சந்தேகமும் இல்லை, சுத்தமான ஆர்வம். அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“இரு. கோளாறு எங்கேன்னு தெரியலைன்னா ஒரு நேரத்துல ஒரு பாகத்தை மட்டும் மாத்திப் பாக்கணும். எல்லாத்தையும் ஒண்ணா மாத்தினா எது கெட்டதுன்னே தெரியாது.”

“சரி, எதை மாத்தறது?” என்று விரலை மடக்கினாள் வக்கீல். “சீட்டு இதேதான். வண்டியும் இதேதான். அம்மாவை மாத்த முடியாது. அப்ப மிச்சம்...”

அவள் நிறுத்திக்கொண்டாள். வக்கீல் பாதி வாதத்தில் நிறுத்தி இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

“மிச்சம் ஓட்டறவன்தான்,” என்று அவரே முடித்து, சாவியை மகளிடம் நீட்டினார். “நீ ஓட்டு.”

“வேண்டாம்ங்க,” என்றாள் பல்லம்மா. “வெயில் கொளுத்துது.”

“வெயில் இருந்தாதானே மெழுகு இளகும்?”

“எனக்கு சமையல் இருக்கு.”

“ஒரே ஒரு சுத்து.”

“சொன்னா கேளுங்களேன்!”

அந்தக் குரலில் இருந்தது கோபம் இல்லை, கெஞ்சல்.  ஆனாலும் சாவியை நீட்டிய கையை லிஃப்ட்காரர் மடக்கவில்லை. தொடங்கிய சோதனையைப் பாதியில் விட்ட பழக்கம் அவருக்கு இல்லை.

மறுபடி புதுத் தகடு விரித்து, மகள் ஓட்ட, பல்லம்மா பின்னால் உட்கார, வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது. லிஃப்ட்காரர் இரண்டு தகடுகளையும் மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் காத்திருந்தார். வண்டி திரும்பி வந்தது.  அவரே எழுந்துபோய்த் துணியை எடுத்தார்.

மூன்றாவது தகட்டில் பின்பள்ளம் ஆழமாக, முழுசாக, நடுவில் பதிந்திருந்தது.

அவர் அந்தப் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார்.

“நீ உட்காரவே இல்லை,” என்றார் மெதுவாக. “என் பின்னாடி நீ உட்காரவே இல்லை. நின்னுக்கிட்டே வந்திருக்க.”

பல்லம்மா படியில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் அடக்கி வைத்தது கண்ணில் வந்து நின்றது.

“பழைய சீட்டும் நல்ல சீட்டுதாங்க,” என்றாள்.

“அப்ப நான்தானா? வேகமா போறேனா?”

“இல்லை.”

“திடீர் திடீர்னு பிரேக் போடறேனா?”

“இல்லைங்க. அன்னிக்கு மேம்பாலத்துக்கிட்ட வலது பக்கத்துலேர்ந்து ஒரு பால் வண்டி வந்துச்சே, தெரியுமா?”

“எந்தப் பால் வண்டி?”

 மகள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

“அவன்தான் பிரேக் போட்டான்,” என்றாள் பல்லம்மா. “உங்க கை பிரேக் பக்கமே போகல. அதுக்கு முன்னாடி மார்க்கெட் திருப்பத்துல ஒரு சைக்கிள். எல்லாமே வலது பக்கம். நான் உங்க தோள் மேல எட்டி எட்டிப் பாத்துக்கிட்டே வந்தேன். ஏதாவது வந்தா உங்க சட்டையைப் பிடிச்சு இழுப்பேன். சீட்டுல உட்கார்ந்தா உங்க தோள் மறைக்குதுங்க. எழுந்து நின்னாதான் தெரியுது.”

வலது ஓரத்தில் இருந்த அந்தச் சின்ன அழுத்தத்தை லிஃப்ட்காரர் மறுபடி பார்த்தார். சட்டையைப் பிடித்து இழுக்கிறாள் என்று தெரியும். கொஞ்சல் என்றல்லவா நினைத்திருந்தார்!

“ஏன் சொல்லல?”

“ஒரு கீறல் இல்லாம ஓட்டறேன்னு ஊரெல்லாம் பெருமையா சொல்லிக்கிட்டிருக்கிற மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றது? நான் ஏறலைன்னா நீங்களும் வண்டியை ஓரம் கட்டிடுவீங்கன்னு நினைச்சேன். நீங்க சீட்டு மாத்தக் கிளம்பிட்டீங்க! தினமும் சாயங்காலம் உங்க வண்டிச் சத்தம் கேக்கற வரைக்கும் எனக்கு உசுரே இல்லை. அதுவும் வண்டி மட்டுமா? நாளைக்கு லிஃப்ட் குழிக்குள்ள இறங்கப் போறவர் நீங்க.”

 கீழே விழுந்த டம்ளரும், இடித்துக்கொண்ட தோளும், இன்னும் எது எதுவோ அவர் நினைவில் வந்துபோயிருக்க வேண்டும். ஆனாலும் அவர் மெக்கானிக். சோதித்துப் பார்க்காத எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

“சரி, இப்பவே பாத்துடுவோம்,” என்று படியில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தை நேராக வைத்துக்கொண்டார். “நான் வாசல் கேட்டை மட்டும் பாக்கறேன். பக்கத்துல நின்னு விரலைக் காட்டு. முதல்ல இடது பக்கம்.”

பல்லம்மா எழுந்து இடப்பக்கம் போய்க் கையை நீட்டினாள்.

“ரெண்டு,” என்றார். மாற்றிக் காட்டினாள். “நாலு. இப்ப மூணு. பாத்தியா? பளிச்சுனு தெரியுது.” அவர் குரலில் தெம்பு வந்துவிட்டது. “எல்லாம் உன் மனப்பிரமை. பால் வண்டிக்காரன் தப்பா வந்திருப்பான். சரி, வலது பக்கம் வா.”

பல்லம்மா நடந்துபோனாள். அவர் கேட்டையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். வக்கீல் வண்டியில் தொங்கிய சாவியைச் சத்தமில்லாமல் உருவித் தன் கைக்குள் மூடிக்கொண்டாள்.

“ம், காட்டு,” என்றார் லிஃப்ட்காரர். “எவ்வளவு நேரம்மா?”

அவர் வலது கன்னத்துக்கு ஒரு முழம் தள்ளி, ஐந்து விரலையும் விரித்து, பல்லம்மா ஏற்கெனவே காட்டிக்கொண்டுதான் இருந்தாள்.